லூமுட்டிலிருந்து எந்தப் பக்கம்? இரண்டே பேர் ஓட்டும் பாய்மரப் படகுக்கு மூன்று வழிகள்

மலேசியாவின் மேற்குக் கரையில் இருக்கும் லூமுட்டில் படகின் கயிற்றை அவிழ்த்தால் மூன்று பக்கம் போகலாம். வடக்கே பினாங்கு, லங்காவி. தெற்கே கிள்ளான், போர்ட்டிக்சன், மலாக்கா. அதையும் தாண்டி, சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு மேலேறினால் கிழக்குக் கரையும் தியோமான் தீவும். வருகிற டிசம்பர் கடைசியில் கிளம்பி மார்ச் முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். எந்தப் பக்கம் என்பதுதான் இரண்டு மாதமாக வீட்டில் பேச்சு. அவருக்குத் தியோமான் கனவு. கிள்ளானில் இருக்கும் மகள், "தெற்கே வாங்கம்மா, எனக்கும் பக்கமா இருக்கும்" என்கிறாள். அவளுக்கு பங்குனியில் பிரசவம். எனக்கு மனம் வடக்கே போகிறது. மனம் போகிற பக்கம் படகைத் திருப்பிவிட முடியாது என்பதால் கடல்வரைபடத்தையும், கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியையும் நாளுக்கு நாள் பிரித்து எழுதிப் பார்த்தேன். நம் மக்களில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் குறைவு. இனி வாங்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். ஆயர் தாவார்தான் எங்களுக்கு ஊர். சுற்றிலும் பாமாயில் தரும் செம்பனை. நான் சிறுமியாக இருந்தபோது அந்த நிலமெல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். அவர் செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். படகு 34 அடி நீளம், ஃபைபர் கிளாஸ், ஒற்றைப் பாய்மரம். அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் 1.6 மீட்டர் இறங்கி நிற்கும். உலகம் சுற்றி வந்து, இனி முடியாது என்று இங்கேயே கரையேறிய ஐரோப்பியத் தம்பதியிடம் வாங்கினோம். இன்ஜினைக் கழற்றி மாட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாயையும் கடலையும்தான் இரண்டு பேரும் ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படித்தோம். நீச்சலே நான் 52 வயதில் கற்றதுதான்.

வழிகளை ஒப்பிடும்போது பலரும் தூரத்தைப் பார்க்கிறார்கள், அல்லது எந்தத் தீவு அழகு என்று பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டே பேர் ஓட்டும் படகுக்குப் பார்க்க வேண்டியது வேறு: ஒரு நங்கூரம் போடும் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை கடல் மைல்?

கணக்கு எளிது. ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர். எங்கள் படகு காற்றிலோ இன்ஜினிலோ மணிக்கு 5 கடல் மைல் போகும். நம் நாட்டில் வெளிச்சம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆக வெளிச்சத்தில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேர முழுசாக 60 மைல். காற்று மாறலாம், வலையைச் சுற்றிப் போக வேண்டிவரலாம், இன்ஜின் சூடாகலாம். அதற்கெல்லாம் ஒதுக்கினால் கையில் நிற்பது 50. இடைவெளி 50க்குள் என்றால் இரவில் இரண்டு பேரும் தூங்கலாம். 50ஐத் தாண்டினால் இரவு ஓட்டம்தான். இரவு ஓட்டத்தில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் அந்தக் கடலில் தன்னந்தனி.

இதை நான் ஏட்டறிவில் சொல்லவில்லை. போன ஆண்டு லூமுட்டுக்குத் தெற்கே செம்பிலான் தீவுகளுக்குப் போய்த் திரும்பும்போது நேரம் தவறி இருட்டிவிட்டது. பத்து மணி இருக்கும். அவர் கீழே படுத்திருந்தார். நான் சுக்கானில். மேற்கே சோத்தோங் (கணவாய்) பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் வரிசையாக நின்றன. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததில், எதிரே விளக்கில்லாமல் மிதந்த வலையின் கயிற்றைக் காணத் தவறிவிட்டேன். புரொப்பெல்லரில் சுற்றி இன்ஜின் நின்றது. காற்றும் இல்லை. இறங்கி அறுக்கலாம் என்றால் இருட்டில் அவரைத் தண்ணீரில் இறக்க எனக்குத் துணிவில்லை. ஆழம் குறைவாக இருந்ததால் அங்கேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகில் இருந்த விளக்கையெல்லாம் ஏற்றிவைத்து, விடியும் வரை இரண்டு பேரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்த பிறகு அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கத்தியோடு முங்கினார். நாலு முறை முங்கி எழுந்து அறுத்தெடுத்தார். அவருக்கு 63 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்ற அந்த இருபது நிமிடம் எனக்கு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். போகிற வழியில் எத்தனை இரவு ஓட்டம் கட்டாயம்?

இனி வடக்கு. லூமுட்டிலிருந்து பினாங்கு நேர்க்கோட்டில் 70 மைல். ஒரே பகலில் முடியாது. ஆனால் லூமுட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 15 மைலில் தாலாங் தீவு இருக்கிறது. மத்தியானம் கிளம்பி மாலைக்குள் அதன் மறைவில் நங்கூரம் போட்டுவிடலாம். மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினால் பினாங்கின் தென்முனை 50 மைல் சொச்சம். என் அளவுகோலின் விளிம்பில் நிற்கிற தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே இரண்டு துணை உண்டு. மலாக்கா நீரிணையின் நீர் மொத்தத்தில் வடமேற்கு நோக்கியே நகர்கிறது. அது நமக்குச் சாதகம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, நம் பாட்டிமார் சொல்லும் வாடை, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரை காற்றுக்கு முன்னால் நிற்பதால் அலை எழும்ப இடமில்லை. படகின் வலப்பக்கம் காற்று, கீழே தட்டையான கடல். பாய்க்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

இந்த நீட்டில் கரையை நெருங்கக்கூடாது. மாத்தாங் சதுப்புநிலக் காடு அங்கேதான். 1902லிருந்து நிர்வகிக்கப்பட்டு வரும் காப்புக்காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். அந்தக் காட்டிலிருந்து வரும் சேறு கரையிலிருந்து பல மைல் தூரத்துக்குக் கடலை ஆழமில்லாமல் ஆக்கிவைத்திருக்கிறது. கோல செப்பெத்தாங் மீனவர்களின் படகுக்கு அது பழகிய முற்றம். எங்கள் 1.6 மீட்டருக்கு ஆகாது. வெளியே தள்ளியே போக வேண்டும். மிதவலைகள் இங்கும் உண்டு. கொடி நட்டிருப்பார்கள், பகலில் தெரியும்.

பினாங்கில் நங்கூரத்துக்கு நான் குறித்து வைத்திருப்பது ஜெரஜாக் தீவின் மறைவு. பினாங்குத் தீவுக்கும் ஜெரஜாக்குக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் போல நீர். 1969 முதல் 1993 வரை அந்தத் தீவு சிறையாக இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் முன்னால் அது தொழுநோயாளிகளின் குடியிருப்பு. கப்பலில் வந்த நம் ஆட்களைக் கரையேற்றாமல் நிறுத்தி வைத்த தனிமை முகாமும் அங்கேதான். என் பாட்டி 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். மறு ஆண்டே தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஏறத்தாழக் கடைசிக் கூட்டத்தில் வந்தவர் என்று சொல்லலாம். ஜெரஜாக்கில் அவரை எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று அவருக்கே கணக்கில்லை. துணியையெல்லாம் வாங்கி நீராவியில் போட்டதும், எதிரே பினாங்கின் விளக்குகள் தெரிந்தும் போக விடாததும் மட்டும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரில் நானே என் படகை ஓட்டிக்கொண்டு போய், நானே நங்கூரம் போட்டு ஓர் இரவு படுத்து எழ வேண்டும். வழிகளை ஒப்பிடும் கட்டுரையில் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியாது. என் மனம் வடக்கே போகக் காரணம் இது என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

ஜெரஜாக்கிலிருந்து முதல் பினாங்குப் பாலத்துக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். எங்கள் பாய்மரம் தாராளமாகப் போகும் உயரம்தான். ஆனாலும் அடியில் போகும்போது இடித்துவிடும் போலவே கண்ணுக்குத் தெரியும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். பாலத்தூண்களுக்கு நடுவே நீரோட்டம் வேகமாக இருக்கும், அதனால் ஓதம் பார்த்துத்தான் நுழைய வேண்டும். அதற்கப்புறம் கெடா கரையோரம் 30 மைல் போனால் பீடான் தீவு. யான் பட்டணத்துக்கு எதிரே. அங்கே நங்கூரம் போட்டால் கிழக்கே நேர் எதிரில் ஜெராய் மலை, 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த நம் முன்னோரின் மரக்கலங்களுக்கு முதலில் கண்ணில் படும் அடையாளம் அந்த மலைதான். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் என்று நாம் சொல்வது அந்த நிலத்தை. ராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் வந்தது அங்கேதான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு முறை பேருந்தில் அழைத்துப்போய் அங்குள்ள பழங்கோயில் கற்களைக் காட்டியிருக்கிறேன். மலை எதற்காக முக்கியம் என்பதைக் கடலிலிருந்து பார்த்தால்தான் விளக்க முடியும் என்று அப்போதே தோன்றியது.

பீடானிலிருந்து லங்காவியின் குவா பட்டணம் 42 மைல். இடையில் பாயார் தீவு இருக்கிறது. ஆனால் அது கடல் பூங்கா, பவளப்பாறை மேல் நங்கூரம் போடக்கூடாது. நேராகப் போய்விடுவதே நல்லது. இந்த வழியில் இடைவெளிகளை வரிசையாகச் சொன்னால்: 15, 50, 30, 42. கட்டாய இரவு ஓட்டம் ஒன்றுகூட இல்லை.

லங்காவிக்குப் போய்விட்டால் அங்கே சின்னச் சின்னத் தாவல்கள்தான். தாயாங் புந்திங்கின் மறைவு, கிலிம் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் நடுவே உள்ள நீர்ச்சந்துகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சில மணி நேரத் தொலைவு. அவர் சொல்லும் இன்னொரு லாபம், 1987 முதல் அது தீர்வையில்லாத் தீவு. பாய், கயிறு, பெயின்ட் என்று படகுக்கு வேண்டியதை வாங்கவும், படகைத் தரையில் ஏற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூசவும் நாட்டிலேயே வசதியான இடம்.

வடக்கில் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். லங்காவி மரினாக்களில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. சுமத்ராவின் மறைவில் இருக்கும் தெற்குப் பக்கத்தைவிட அந்த வட மூலை திறந்து கிடப்பது உண்மை. நங்கூரத்தில் இருக்கும்போது வானொலியை அணைக்கக்கூடாது, எச்சரிக்கை வந்தால் கரைக்கு ஓடாமல் ஆழமான கடலுக்குப் போக வேண்டும் என்பதை இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

தெற்கு வழியில் மகள் இருக்கிறாள். அதைவிடப் பெரிய காரணம் எனக்கு எதுவுமில்லை, அதனால்தான் இந்த வழியை மற்றதைவிட அதிக நேரம் வரைபடத்தில் தேடினேன். லூமுட்டிலிருந்து செம்பிலான் தீவுகள் வரை சிரமமில்லை. அங்கிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு முன்னால் உள்ள அங்சா தீவு வரை 65 மைல். நடுவில் ஒதுங்க ஓர் இடமில்லை. பாகான் டத்தோ, பெர்ணாம் ஆற்று முகம், சபாக் பெர்ணாம், செகிஞ்சான் என்று கரை முழுக்கச் சேறு. ஆற்று முகங்களில் மழைக்குப் பிறகு மரக்கட்டைகள் மிதந்து வரும். நடுக்கடலில் சேற்றில் நங்கூரத்தைப் போட்டு இரவைக் கழிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். காற்றடித்தால் மறைவே கிடையாது, இழுவைப் படகுகள் வேறு சுற்றிச் சுற்றி வரும். ஆகக் கிள்ளானுக்குப் போக ஓர் இரவு ஓட்டம் கட்டாயம். மகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்றாலும் இரண்டு.

கிள்ளானுக்கு அப்புறம் ஓதம்தான் எஜமானன். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே போய் வர வேண்டுமே! நீரிணையில் நீர் ஏறும்போது ஓட்டம் தென்கிழக்காக, வற்றும்போது வடமேற்காக. மணிக்கு 2 மைல் எதிரோட்டம் என்றால் எங்கள் 5, 3 ஆகிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுகிறது. தெற்கே போகிறவர் ஆயர் பாசாங்கில் (நீர் ஏறும்போது) ஏறி ஆயர் சூருட்டில் (வற்றும்போது) ஒதுங்கி, மறுபடி ஏறி இப்படித் தவணை முறையில்தான் போக வேண்டும். கேரித் தீவைச் சுற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் 50 மைல். நல்ல ஓதம் கிடைத்தால் பகலிலேயே முடியும், தப்பினால் முடியாது. போர்ட்டிக்சனிலிருந்து மலாக்காவின் பெசார் தீவு ஒரு நாள். வழியில் தஞ்சோங் துவான் முனை. நீரிணை அங்கே குறுகல், எதிரே சுமத்ரா பக்கத்து ரூப்பாட் தீவுக்கு 38 கிலோமீட்டர்தான். பிப்ரவரி, மார்ச்சில் தேன்பருந்துகள் அந்தக் குறுகலைப் பார்த்துத்தான் கடலைக் கடக்கும். அதை மட்டும் ஒரு நாள் காரிலாவது போய்ப் பார்க்க வேண்டும்.

பெசார் தீவுக்குத் தெற்கே பீசாங் தீவு வரை மறுபடி 68 மைல் வெறுங்கரை. இன்னோர் இரவு.

அந்த இரவுகள் வடக்கத்தி இரவுகள் மாதிரியும் அல்ல. கிள்ளானுக்கு எதிரே கடலில் இருக்கும் ஒன் ஃபாத்தம் திட்டிலிருந்து சிங்கப்பூர் வரை பெரிய கப்பல்களுக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 80,000க்கு மேற்பட்ட கப்பல்கள் போய் வரும் பாதை. அதற்குள் நாம் போகக்கூடாது. பாதைக்கும் கரைக்கும் நடுவில்தான் நமக்கு இடம். அந்த நடுவில்தான் மீன்வலைகளும், தோணியைக் கட்டி இழுக்கும் டக் படகுகளும். டக் படகுக்கும் பின்னால் வரும் தோணிக்கும் நடுவே நீளமான இரும்பு வடம் தண்ணீருக்குள் தொங்கும். இரண்டு விளக்குகளையும் தனித்தனிப் படகு என்று நினைத்து நடுவே நுழைந்தவர்களின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் வலை, நடுவே நான் ஒருத்தி, கீழே அவர் தூக்கத்தில். எனக்கு இது வேண்டாம்.

காற்றும் தெற்கே போகப் போகக் குறைகிறது. லங்காவிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் பாயிலேயே ஓட முடிகிற நாள்கள் நிறைய. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே பெரும்பாலும் இன்ஜின்தான். அவருடைய நோட்டுக் கணக்கு இது: எங்கள் இன்ஜின் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் குடிக்கும். லங்காவி வரை பாயே விரிக்காமல் போனாலும் 70 லிட்டருக்குள் முடியும். ஜொகூரின் புத்ரி துறைமுகம் வரை 280 மைல், 140 லிட்டர். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35க்கு ஏறியதை மறக்க முடியாது. அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் விலை மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பென்ஷனில் ஓடும் படகுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனாலும் காசு கூடினால் மீ கோரெங்கைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம், இரவைச் சமாளிக்க அப்படி ஒரு வழி இல்லை.

கிழக்கைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அழகில் அதற்கு ஈடில்லை, சேறில்லாத நீலத் தண்ணீர் அங்கேதான். ஆனால் நாங்கள் புறப்படுகிற காலம் தவறு. எந்த வடகிழக்குக் காற்று மேற்குக் கரையில் நமக்குத் தாயாக இருக்கிறதோ, அதே காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வந்து கிழக்குக் கரையில் நேராக மோதும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தீவுகளுக்குப் போகும் படகுகளே பெரும்பாலும் நின்றுவிடும். சுருக்கு வழியும் இல்லை. 1924இல் திறந்த ஜொகூர் பாலம் கடலை அடைத்துக் கட்டியது, அதனால் ஜொகூர் நீரிணை வழியே கிழக்கே போக முடியாது. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் தாண்டி, சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கும் கப்பல் கூட்டத்தை ஒட்டியே போக வேண்டும். புத்ரி துறைமுகத்திலிருந்து தியோமான் வரை மேலும் 140 மைல். அவருடைய சர்க்கரைக்கு ஏதாவது என்றால் தியோமானில் இருப்பது சின்ன மருத்துவ நிலையம். பெரிய மருத்துவமனைக்குக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"அப்ப தியோமானே கிடையாதா?" என்று அவர் கேட்டார். கேட்ட முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஏப்ரலுக்கு மேலதாங்க அந்தக் கடல் தொறக்கும். அப்ப இங்க சுமாத்ராஸ் காத்து ஆரம்பிச்சிடும்" என்றேன். அந்தக் காற்றை அவரும் பார்த்திருக்கிறார். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவில் இரவில் கட்டும் மேகம் விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வரும். வானத்தில் கறுப்பாய் ஒரு சுருள், அரை மணி நேரத்தில் குளிர்ந்த காற்று, பிறகு கண் தெரியாத மழை, மின்னல். போன செப்டம்பரில் லூமுட்டுக்கு எதிரே இருக்கும் பங்கோர் தீவுக்குப் பின்னால் நங்கூரத்தில் இருக்கும்போது ஒருமுறை பிடித்தது. ஜிபிஎஸ்ஸையும் கைப்பேசியையும் அடுப்பின் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினோம், மின்னல் இறங்கினால் அவையாவது தப்பும் என்று. தெற்கே போய், கிழக்கே ஏறி, ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் காற்றுக்கு நடுவே திரும்பி வருவதற்கு இரண்டு பேர் போதாது. மூன்றாவதாக அனுபவமுள்ள ஓர் ஆள் வேண்டும். மருமகனுக்கு லீவு கிடைக்கிற ஆண்டில் அதைச் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், நான் இருட்டுக்குப் பயப்படுகிறவள் அல்ல. எட்டு வயதில் அம்மாவோடு விடியுமுன் பால்மர நிரைக்குப் போவேன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பாலுக்காக மரப்பட்டையை வெட்ட, பின்னாலேயே நான் பால் வடியும் பீங்கானைத் துடைத்துக்கொண்டு போவேன். நாலு மணிக்கு விழிப்பது இன்றைக்கும் தானாக வரும், அதனால் படகில் விடியற்காலைக் காவல் என்னுடையதுதான். இருட்டில் மரம் நகராது, எந்த நிரையில் எந்த மரம் என்று காலுக்குத் தெரியும். கடலில் எல்லாம் நகர்கிறது. அதுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, வடக்கு என்று சொன்னேன். மகள் விஷயம் மட்டும் தொண்டையில் நின்றது. வரைபடத்தைத் தள்ளிவைத்துவிட்டு ரயில் நேரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அது இறங்கியது. படகில் கிள்ளான் எங்களுக்கு ஓர் இரவும் ஒரு பகலும். பட்டர்வொர்த்தில் மின்ரயில் ஏறினால் கோலாலம்பூர் நாலு மணி நேரம் சொச்சம். லங்காவியில் இருந்தாலும் கோல கெடாவுக்கு ஃபெரி, அலோர் ஸ்டாரில் ரயில். மாலைக்குள் அவள் வீட்டுத் திண்ணையில் இருக்கலாம். மகள் இருக்கும் ஊருக்குப் படகும் வர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? படகைப் பினாங்கில் பத்திரமாகக் கட்டிவிட்டு நாங்கள் மட்டும் போய் வரலாம். தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்பா கடல்ல இருக்கும்போது டெய்லி மெசேஜ் போடச் சொல்லுங்கம்மா, அது போதும்" என்றாள். தினமும் நங்கூரம் இறங்கியதும் அவளுக்கு இடத்தைக் குறித்து அனுப்புவது என்று பேசிக்கொண்டோம். இரவு ஏழரைக்குள் வரவில்லை என்றால் அவள் கூப்பிட வேண்டும், ஒன்பது வரை பதிலில்லை என்றால் 999.

எங்களைப் போலல்லாமல், நாலு பேராக ஓட்டுகிறவர்கள் தெற்கே தாராளமாகப் போகலாம். ஓதக் கணக்கு கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, மலாக்காவும் கிள்ளானும் பார்க்க வேண்டிய ஊர்கள். முதல் ஆண்டுக்காரர்கள், படகை இப்போதுதான் வாங்கியவர்கள், வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம், பங்கோரைச் சுற்றியே ஓர் ஆண்டு ஓடுங்கள். நாங்கள் இரண்டாண்டு அப்படித்தான் ஓடினோம். பங்கோர் பத்ரகாளியம்மன் கோயிலுக்கு எதிரே கடலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதே அப்போது எங்களுக்கு ஒரு நாள் பயணம்.

இந்த வாரம் அவர் நங்கூரச் சங்கிலியைக் கரையில் நீட்டிப் போட்டு, 5 மீட்டருக்கு ஒரு மஞ்சள் பட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். நான் கடற்படையின் நீரியல் மையம் வெளியிடும் ஓத அட்டவணையிலிருந்து லூமுட், பினாங்கு, குவா மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலில் இருந்துவிட்டு, மறுநாள் லிட்டல் இந்தியாவில் மகளுக்குப் பிரசவக் காயத்துக்கான சாமானெல்லாம் வாங்க வேண்டும். ஈரம் படாமல் வைக்கப் பெரிய மைலோ டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.